பன்னிரண்டாம் கல்லும் இரண்டு பாலங்களும்

23.9.2003, செவ்வாய்

காலையில் தூறல். குடை அலுவலகத்தில். வழக்கம்போல.

தெருவில் நெசவுக்குப் பாவு நூல் விரித்திருந்தார்கள். தூறலைப் பார்த்ததும் நாலைந்து பேர் ஓடி ஓடிச் சுருட்டினார்கள். நூலைத் தாண்டக் கூடாது, சைக்கிளோடு ஓரமாக நின்றேன். பத்து நிமிடம் தாமதம்.

ஏ.இ. கூப்பிட்டு ஒரு தாள்கட்டைக் கொடுத்தார். இந்த உதவிப் பொறியாளருக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை. நல்ல பையன், சட்டையைச் செருகியே இருப்பார். விஷயம் இதுதான்: எந்த அலுவலகம் தன் ரோடு, பாலம், கல், பலகையையெல்லாம் எந்த லட்சணத்தில் வைத்திருக்கிறது என்று மதிப்பெண் போடப்போகிறார்களாம். சென்னையிலிருந்து ஓர் ஆலோசனை நிறுவனம். நாற்பது கேள்வி. ஒவ்வொன்றுக்கும் சைபரிலிருந்து மூன்று வரை.

சில கேள்விகள்:
- உங்கள் பொறுப்பில் உள்ள சொத்துகளின் பட்டியல் இருக்கிறதா?
- பட்டியலில் உள்ளது தரையில் இருக்கிறதா?
- தரையில் உள்ளது பட்டியலில் இருக்கிறதா?
- ஒவ்வொரு பாலத்தையும் கடைசியாகக் கீழே இறங்கிப் பார்த்தது யார், எப்போது?

கடைசிக் கேள்வியைப் படித்துவிட்டு ஏ.இ. சிரித்தார். நானும் சிரித்தேன். இருபத்தேழு வருட சர்வீஸ், பதினோரு வருடமாகச் சாலை ஆய்வாளர் (ஆர்.ஐ.). எந்தப் பாலத்துக்கு அடியிலும் எனக்கு என்ன வேலை?

சீட்டுக் குலுக்கிப் போட்டதில் நம் பக்கம் விழுந்தது தேவிகாபுரம் சாலை. கி.மீ. 10 முதல் 15 வரை. அக்டோபர் 6, திங்கள் வருகிறார்கள்.

முழங்கால் வலி. தைலம் தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

24.9, புதன்

வெயில். பதிவேடுகளுக்கு அட்டை போடும் வேலை. பாலங்கள் பதிவேட்டில் கரையான். நல்லவேளை ஓரத்தை மட்டும் தின்றிருக்கிறது, எண்கள் பிழைத்தன.

தேவிகாபுரம் சாலை, 12ஆம் கி.மீ.யில் இரண்டு சிறுபாலம். 12/6, 12/8. அதாவது பன்னிரண்டாம் கல்லிலிருந்து அறுநூறு மீட்டரில் ஒன்று, எண்ணூறு மீட்டரில் ஒன்று. ஏரிக் கால்வாயின் இரண்டு கிளைக்கும் ஒரே காலத்தில் ஒரே மாதிரி கட்டியது. கல் பலகை, செங்கல் சுவர். 12/6: இரண்டு வருடத்துக்கு முன்பு பழுது நீக்கப்பட்டது. 12/8: நல்ல நிலை, நல்ல நிலை, நல்ல நிலை. எல்லா வருடமும் என் கையெழுத்து. வரிசையாகப் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.

பஸ் நிலையத்தில் தேவிகாபுரம் வண்டி கண்டக்டரைப் பார்த்தேன். ரிப்பேர் பண்ணிய பிறகும் அந்தப் பாலம் ஆடுகிறது என்றார். டிரைவருக்கு இடுப்பு ஆடுகிறதோ என்னவோ என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மனைவி சரோஜாவுக்கு ரேஷன் கடையில் பாமாயில் கிடைக்கவில்லை. அதற்கு நான் என்ன செய்ய? நான் என்னவோ செய்திருக்க வேண்டுமாம்.

26.9, வெள்ளி

மேகமூட்டம். தைலம் வாங்கினேன்.

அலுவலக டேப் பதினேழாவது மீட்டரில் அறுந்து கிடக்கிறது. அதற்கும் ஒரு மதிப்பெண் இருக்கிறது (கேள்வி 31, அளவுக் கருவிகள்). சைக்கிள் சக்கரத்தாலேயே அளந்துவிடலாம் என்று முடிவு. பக்கத்து வீட்டில் தறி போட்டிருப்பவரிடம் சிவப்புப் பட்டு நூல் கழிவு கொஞ்சம் வாங்கிக் கம்பியில் கட்டினேன். சிவப்பு மேலே வரும்போதெல்லாம் ஒன்று. ஒரு சுற்றுக்கு ஏழடியும் இரண்டு அங்குலமும்.

நாளை சனி, அரை நாள். மாரியை வரச் சொல்லியிருக்கிறேன். மாரி அந்தச் சாலையின் பணியாளர். பள்ளம் மூடுவது, புல் வெட்டுவது, கல்லுக்கு வெள்ளை அடிப்பது எல்லாம் அவர்தான். என்னைவிட இரண்டு வயது பெரியவர். அந்தச் சாலையைத் தன் வீட்டு வாசல் மாதிரி வைத்திருப்பார்.

27.9, சனி

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

காலை ஐந்தரை மணிக்கே கிளம்பினேன். 11ஆம் கல்லிலிருந்து சக்கரத்தை உருட்டிக்கொண்டு நடந்தேன். மாரி கூடவே எண்ணினார். ஒரு கிலோமீட்டருக்கு நானூற்று ஐம்பத்து சொச்சம் வர வேண்டும். 12ஆம் கல் வரவில்லை. ஐந்நூறு, வரவில்லை. ஐந்நூற்று நாற்பத்தொன்பதில் புங்க மரத்தடியில் வந்தது. எண்ணிக்கையில் தப்பு என்று மாரியைத் திட்டினேன். சரி, மேலே போவோம் என்று 12லிருந்து 13க்கு உருட்டினோம். முந்நூற்று அறுபத்து சொச்சத்திலேயே 13 வந்துவிட்டது.

ஒரு கிலோமீட்டர் நீண்டிருக்கிறது, அடுத்தது குறைந்திருக்கிறது. 12ஆம் கல் இருநூறு மீட்டர் தள்ளி நிற்கிறது.

மாரி தலையைச் சொறிந்தார். அப்புறம் சொன்னார்:

"வளைவாண்ட இருந்தப்ப லாரிக்காரன் இடிச்சிகினே இருந்தான் சார். ரெண்டு தபா நட்டேன். பூச போடறதுக்கும் நெயல் இல்ல. உங்கள கேட்டுகினுதான் மரத்தாண்ட நட்டேன்."

கேட்டார். ஆறு வருடம் முன்னால். நினைவு வந்துவிட்டது. ஆயுத பூஜைக்கு எங்கள் ஆட்கள் கடப்பாரை, மண்வெட்டியோடு ஒரு கிலோமீட்டர் கல்லுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து மாலை போடுவார்கள். இந்தச் சாலையில் எப்போதும் பன்னிரண்டாம் கல்தான். 'நிழலாக இருக்கும், சரி' என்று நானே சொன்னேன். அந்த மரத்தடியில் வருடா வருடம் பொரியும் சுண்டலும் தின்றிருக்கிறேன். கல் என்றால் கல், எங்கே நின்றால் என்ன என்று நினைத்திருக்கிறேன் போல.

இப்போது பாலங்கள். மரத்தடிக் கல்லிலிருந்து 600 மீட்டரில் ஒரு பாலம். பழுது நீக்கியது இதைத்தான். பக்கச் சுவரில் '12/6' என்று கறுப்பில் எழுதியிருக்கிறது. 800இல் பாலம் இல்லை. பதிமூன்றாம் கல்லும் கேழ்வரகுக் கொல்லையும்தான். நான் வருடா வருடம் 'நல்ல நிலை' என்று கையெழுத்துப் போட்டது அந்தக் கொல்லைக்குத்தான்.

400இல் ஒரு பாலம் இருக்கிறது. பதிவேட்டின்படி அந்த இடத்தில் பாலமே கிடையாது.

உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். இந்த 400தான் பழைய இடத்திலிருந்து பார்த்தால் உண்மையான 12/6. இரண்டு வருடத்துக்கு முன்பு விரிசல் என்று புகார் வந்தது இதற்கு. அப்போதிருந்த ஏ.இ. வந்து பார்த்து, பதிவேட்டைப் பார்த்து 12/6 என்று மதிப்பீடு எழுதிவிட்டு மாற்றலில் போய்விட்டார். ஒப்பந்தக்காரர் கல்லிலிருந்து 600 அளந்தார், பாலம் இருந்தது, வேலை செய்தார். நல்ல பாலத்துக்கு வேலை செய்வது சுலபம், அவர் ஏன் வாய் திறக்கிறார்? பக்கத்தில் குடை பிடித்து நின்றது நான்.

மாரி பிடித்துக்கொள்ள, 400க்குக் கீழே இறங்கினேன். முழங்கால் கத்தியது. உள்ளே முள்ளும் சேறும். நடுப் பலகை குறுக்கே விரிசல் விட்டிருக்கிறது. என் நாலு விரல் உள்ளே போகிறது. கிழக்குச் சுவர் வயிறு தள்ளி நிற்கிறது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தலைக்கு மேல் பஸ் போனது. தலையில் சுண்ணாம்பும் மண்ணும் கொட்டியது. ஒரு செங்கல் துண்டு சேற்றில் விழுந்தது.

மணி பார்த்தேன். ஆரணியில் 7.40க்கு எடுக்கும் வண்டி. அதில் சரோஜா இருந்தாள். தேவிகாபுரத்தில் நெசவாளர் சங்கத்தில் எழுத்தர் வேலை. தினமும் அதே வண்டியில் போய், மாலை அதே வழியில் வருகிறாள்.

கண்டக்டரிடம் நான் சொன்ன பதில் நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது.

28.9, ஞாயிறு

விடுமுறை. சட்டையில் சுண்ணாம்பு எப்படி என்று சரோஜா கேட்டாள். பாலம் பார்த்தேன் என்றேன். ஞாயிற்றுக்கிழமை அவளும் வீட்டில் இருந்தது நிம்மதி.

மட்டன் நன்றாக இருந்தது. சாப்பிட முடியவில்லை.

29.9, திங்கள்

காலை 7.40. நிலையத்துக்கு அவளைச் சைக்கிளில் கொண்டுபோய் விட்டேன். எப்போதும் இல்லாத வழக்கம். 'என்ன இன்னிக்கி?' என்றாள். சும்மா என்றேன். பஸ் திரும்பி மறையும்வரை நின்றேன். 8.20 வரை வேலை ஓடவில்லை. அந்நேரம் பாலத்தைத் தாண்டியிருக்கும்.

ஏ.இ.யிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காகிதத்தில் கோடு போட்டுக் காட்டினேன். கெட்டிக்காரர், உடனே பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் பேனா மூடியைக் கடித்தார். பிறகு சொன்னதன் சுருக்கம்: பிரச்சினை கல்லில்தான். கல்லைப் பழைய இடத்தில் நட்டுவிட்டால் பதிவேடு சரி, தரை சரி. 12/6 என்றால் 12/6 இருக்கும், 12/8 என்றால் 12/8 இருக்கும். எண்ணை மட்டும் மாற்றி எழுதிவிடலாம். மூன்றுக்கு மூன்று.

விரிசல் விட்டதுதானே 12/6 ஆகும், அது பதிவேட்டில் பழுது நீக்கப்பட்டது என்று இருக்கிறதே என்றேன்.

"ஒரே பாலத்துக்கு அஞ்சு வருஷத்துக்குள்ள ரெண்டாவது தடவ சேங்ஷன் கேட்டா, மொதல் தடவ என்ன பண்ணீங்கன்னு கேப்பாங்க ஆர்.ஐ. சார். வேலைய அளந்து எழுதுற எம்.புக்ல உங்க கையெழுத்து, என் சீட்ல இருந்தவர் கையெழுத்து. ஐப்பசி மழைல போச்சுன்னா வெள்ளச் சேதத்துல சேத்துக்கலாம். அதுல சீக்கிரம் கெடைக்கும்."

போனால் என்றால், எதோடு போனால்? கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். அவர் மோசமான ஆள் இல்லை. அவர் சொன்னது நடைமுறை. நானும் இருபத்தேழு வருடமாக அப்படித்தான் பேசியிருக்கிறேன்.

ஒரு வேடிக்கை. கல் தப்பான இடத்தில் இருக்கும்வரைதான் அந்தப் பாலம் கணக்கில் இல்லாமல் கேள்வி கேட்டுக்கொண்டு நிற்கும். சரியான இடத்துக்குப் போய்விட்டால் பாலம் சரியாகிவிடும், தாளில்.

ஏ.இ. உத்தரவு: ஆயுத பூஜைக்குள் கல் மாற வேண்டும்.

30.9, செவ்வாய்

இரவு நல்ல மழை, காலையில் தெருவெல்லாம் தண்ணீர். பாவு விரிக்கவில்லை. விசைத்தறிச் சத்தம் மட்டும்.

சரோஜாவைப் பஸ்ஸில் அனுப்பாமல் இருக்க ஒரு வழி தேடினேன். உடம்பு சரியில்லை, நீ இரு என்றேன். நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சங்கத்தில் தணிக்கை நடக்கிறது, போயே ஆகவேண்டும் என்று கிளம்பிவிட்டாள். சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. சொன்னால் 'அப்போ ஏன் பஸ்ஸ நிறுத்தல?' என்பாள். அதனால் சொல்லவில்லை. எனக்கு என்மேலேயே கோபம்.

மாரியிடம் கல் மாற்றுவது பற்றிச் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை, அதாவது தேதிக்கு. ஆறு வருடம் மாலை போட்ட கல்லைச் சும்மா பிடுங்கக் கூடாதாம். பூஜையன்று கற்பூரம் காட்டிவிட்டுத்தான் நகர்த்துவாராம். நகர்த்திய இடத்தில் மறுபடி கற்பூரம். சரி என்றேன். இந்த 'சரி' எனக்கு ரொம்பச் சுலபமாக வருகிறது.

1.10, புதன்

சைக்கிளில் கொண்டுபோய் விட்டேன். 8.20.

கேள்வித்தாளை நிரப்பினேன். முப்பத்தொன்பது முடிந்தது. கீழே இறங்கிப் பார்த்தது யார், எப்போது என்ற கட்டம் மட்டும் காலி. ஏ.இ. 'நீங்கதான், ஒவ்வொரு வருஷமும் ஜூன்னு போட்டுடுங்க' என்றார். பென்சிலால் போட்டேன்.

வாங்க வேண்டியது: சுண்ணாம்பு, கறுப்பு பெயின்ட் கால் லிட்டர், பொரி, வெல்லம், கற்பூரம், பூசணிக்காய் 2.

3.10, வெள்ளி

நேற்று காந்தி ஜெயந்தி, அலுவலகம் இல்லை. ஆனால் சங்கத்தில் தணிக்கைக்காக அவளை வரச் சொல்லிவிட்டார்கள். இன்றும் போனாள். மாலையில் பஸ் அரை மணி தாமதம். நிலையத்துக்கே போய் நின்றேன். சேத்துப்பட்டு வண்டி, போளூர் வண்டி எல்லாம் வந்தது, அது மட்டும் வரவில்லை. பஞ்சராம். இறங்கி வந்தவள் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டாள், புது மாப்பிள்ளை மாதிரி வந்து நிற்கிறேனாம்.

4.10, சனி. ஆயுத பூஜை

வெயில், கொஞ்சம் காற்று.

புங்க மரத்தடியில் பூஜை. கடப்பாரை, மண்வெட்டி, கூடை, தார் வாளி எல்லாம் கழுவிப் பொட்டு வைத்து வரிசையாக. ஏ.இ. வந்தார், கும்பிட்டுவிட்டு உடனே போய்விட்டார். கற்பூரம் காட்டிக் கல்லைத் தோண்டி எடுத்தார்கள். நாலு பேர் தூக்கினார்கள், இருநூறு மீட்டர். வளைவில் பழைய குழியே இருந்தது. சைக்கிளால் மறுபடி அளந்தேன். அங்குலம் பிசகவில்லை. மறுபடி கற்பூரம், பூசணிக்காய்.

பிறகு மாரி எண்களை மாற்றினார். நல்ல பாலத்தில் 12/6ஐ அழித்து 12/8. விரிசல் பாலத்துக்குப் பக்கச் சுவர் முழுக்க வெள்ளை அடித்து 12/6. சந்தனப் பொட்டும் வைத்தார். மேலிருந்து பார்க்கக் கல்யாண வீடு மாதிரி இருந்தது.

தூரிகையைக் கழுவிக்கொண்டே கேட்டார்:

"இன்னொண்ண கட்டுனாங்களே, உட்டுப்போன இத எப்ப சார் கட்டுவாங்க?"

மழை முடியட்டும் என்றேன். தலையாட்டினார். பிறகு கொஞ்சம் பொரியை எடுத்துப் பாலத்தின் சுவர்மேல் வைத்துவிட்டு வந்தார்.

இன்று சரோஜாவுக்கு விடுமுறை. நாளையும்.

6.10, திங்கள்

விடியற்காலை மழை, ஏழு மணிக்கு விட்டது. அவளை 7.40இல் ஏற்றிவிட்டேன்.

சென்னை மேடம் பத்து மணிக்கு வந்தார். நாற்பது வயதிருக்கும். கண்ணாடி, கான்வாஸ் ஷூ, கையில் அளவு சக்கரம். சிரிக்கவும் இல்லை, அதட்டவும் இல்லை. நேராகச் சாலைக்கு. ஏ.இ., நான், மாரி.

பன்னிரண்டாம் கல்லிலிருந்து உருட்டினார். 600: பாலம், எண் 12/6. 800: பாலம், எண் 12/8. பதிவேட்டைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். இதுவரை பார்த்த அலுவலகங்களில் எண்ணும் தூரமும் இவ்வளவு ஒட்டிப்போனது இல்லை என்றார். ஏ.இ. முகம் மலர்ந்தது. மூன்று போட்டார். அடுத்ததற்கும் மூன்று.

பிறகு அந்தக் கட்டம். பென்சில் எழுத்தைப் பார்த்தார். இதை மட்டும் ஏன் பென்சிலில் போட்டிருக்கிறீர்கள், பேனாவில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள் என்று தாளை என்னிடம் நீட்டினார். அவர் சந்தேகப்பட்டே கேட்கவில்லை. எல்லாத் தாளும் பேனாவில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வெள்ளை அடித்த சுவர்மேல் தாளை வைத்தேன். சனிக்கிழமை வைத்த பொரி நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. ரப்பர் இல்லை. பென்சில் எழுத்தை அடித்துவிட்டுப் பேனாவில் எழுதினேன்:

12/6. இறங்கிப் பார்த்தது நான், 27.9.2003. அதற்கு முன் யாரும் இறங்கியதாக எனக்குத் தெரியாது. பழுது நீக்கியது இந்தப் பாலத்தை அல்ல, 12/8ஐ. கல் ஆறு வருடம் என் அனுமதியோடு இடம் மாறியிருந்தது.

கையெழுத்து. தேதி. இத்தனை வருடமாக எழுதாமல் விட்டது, இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது.

மேடம் படித்தார். மறுபடி படித்தார். ஏ.இ. எட்டிப் பார்த்துவிட்டு ஏரியைப் பார்க்க ஆரம்பித்தார். கீழே போக வழி இருக்கிறதா என்று மேடம் கேட்டார். மாரி முள்ளை விலக்கினார். கான்வாஸ் ஷூவோடு சேற்றில் இறங்கினார். மேலே வந்ததும் கேமரா கேட்டார். மறுபடி இறங்கினார்.

முதல் கேள்விக்குப் போட்ட மூன்றை அடித்து ஒன்று போட்டார். அடுத்தது சைபர். அவர் பேனாவில் அடிக்கும்போது எனக்கு வருத்தமாக இல்லை. திரும்பி வந்து ஜீப்பை விட்டு இறங்கும்போது ஏ.இ., கோட்டப் பொறியாளர் (டி.இ.) கேட்டால் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும் என்றார். சரி என்றேன்.

7.10, செவ்வாய்

டி.இ. அலுவலகத்திலிருந்து போன். குறிப்பாணை வரும். விளக்கம் எழுத வேண்டும். தை மாதப் பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் இருக்காது என்று தலைமை எழுத்தர் வருத்தத்தோடு சொன்னார், தேநீரும் வாங்கிக் கொடுத்தார்.

இரவே பாலத்துக்கு இரண்டு பக்கமும் தார் டிரம் வைத்தாயிற்று. மாரிதான் உருட்டிக்கொண்டுபோய் வைத்தார். லாரிக்குத் தடை. பஸ் ஆட்களை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் தாண்ட வேண்டும். போர்டு நான் எழுதினேன்.

இன்று அவள் போய் வந்தது பழைய மாதிரிதான். டிரம் வருவதற்கு முன்.

8.10, புதன்

வெயில். முழங்கால் பரவாயில்லை.

சரோஜா மாலை ஆறரைக்கு வந்தாள். செருப்பெல்லாம் சேறு. போகும்போதும் வரும்போதும் பாலத்தில் எல்லாரையும் இறக்கிவிட்டு நடக்க வைத்தார்களாம், வண்டி பின்னால் காலியாக வந்ததாம். பாவு மூட்டையோடு வந்த ஒரு கிழவர் கண்டக்டரைக் கிழி கிழி என்று கிழித்தாராம். யாரோ புண்ணியவான் போர்டு எழுதி வைத்திருக்கிறான், எழுத்தைப் பார்த்தால் உங்கள் கையெழுத்து மாதிரி இருக்கிறது என்றாள்.

நான்தான் என்றேன். உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கல், கேழ்வரகுக் கொல்லை, விரிசல், என் நாலு விரல், தலையில் கொட்டிய மண். சைக்கிளில் கொண்டுபோய் விட்டது ஏன் என்பதும்.

செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள்.

"எத்தினி நாளா தெரியும்?"

27ஆம் தேதியிலிருந்து என்றேன்.

விரல் விட்டு எண்ணினாள். ஞாயிறையும் பூஜையையும் கழித்தாள். போக வர என்று இரட்டிப்பாக்கினாள். தணிக்கையில் இருப்பவள், எண்ணிக்கை பிசகாது.

"தெரிஞ்சிகினேவா டாட்டா காட்டிகினு நின்னீங்க?"

ஆமாம் என்றேன்.

உள்ளே போய்விட்டாள். குழாயடியில் சேற்றைக் கழுவும் சத்தம் ரொம்ப நேரமாகக் கேட்கிறது.